வெல்டிங்குக்கு முன்சூடு: கோணல்மாணலான இரும்பை ஒரே சீராகக் காய வைப்பது எப்படி?



வெப்பம் பாடம் நடத்தும்போது நாம் வழக்கமாகச் சொல்லும் எடுத்துக்காட்டுகள் நான்கைந்துதான். தண்டவாள இடைவெளி, தொய்ந்து தொங்கும் மின்கம்பி, திறக்க வராத போத்தல் மூடி. நல்ல எடுத்துக்காட்டுகள்தாம். ஆனால் பிறை, மாக் மண்டின், புக்கிட் மெர்தாஜாம் பக்கமுள்ள வகுப்பறைகளில் இன்னொன்று தயாராகக் காத்திருக்கிறது. அங்கே அப்பா, மாமா, அண்ணன் என்று யாராவது ஒருவர் பட்டறையில் வெல்டிங் பிடிக்கிற வீடுகள் உண்டு. அவர்கள் கனமான இரும்பை ஒட்டுவதற்கு முன் அதைச் சூடாக்குவார்கள். இதற்கு ‘பிரீஹீட்’ என்று பெயர். தமிழில் முன்சூடு எனலாம்.

“ஒட்டும்போது எப்படியும் சூடாகத்தானே போகுது, அப்புறம் எதுக்கு முன்னாடியே சூடாக்கணும்?” இந்தக் கேள்வியை ஒரு மாணவர் கேட்டால் நாம் என்ன பதில் சொல்வோம்? இந்தக் கட்டுரை அதற்கான விளக்கம். பாகம் நேராக இல்லாமல் வளைவும் கிளையும் தடிப்பு மாற்றமுமாக இருந்தால் சூடாக்கும் கருவியை எப்படி மாற்றி அமைக்கிறார்கள் என்பதும் இதில் வருகிறது. அறிவியல், கணிதம், வடிவமைப்பும் தொழில்நுட்பமும் ஆகிய மூன்று பாடங்களிலும் பயன்படுத்தலாம்.

எதற்காக முன்சூடு?

எஃகு ஏறக்குறைய 1500 பாகை செல்சியசில் உருகும். ஒட்டும் இடத்தில் இரும்பு உருகி நிற்கிறது. அதற்கு ஒரு சாண் தள்ளி உள்ள இரும்போ நம் ஊர் வெயிலில் 30 பாகையில் கிடக்கிறது. பக்கத்திலுள்ள குளிர்ந்த இரும்பு, உருகிய இடத்தின் வெப்பத்தைச் சட்டென்று உறிஞ்சிவிடும். காய்ச்சிய அரிவாளைக் கொல்லர் தண்ணீரில் முக்கினால் என்ன நடக்குமோ, அதுவேதான் இங்கும் நடக்கிறது. தண்ணீர் இல்லை, அதன் வேலையை இரும்பே செய்துவிடுகிறது.

வேகமாகக் குளிர்ந்த எஃகு கடினமாகும். அரிவாள் முனைக்கு அது நல்லது. பாலத்துக்கும் கொதிகலனுக்கும் ஆகாது. கடினமானது இழுவிசையைத் தாங்காமல் நொறுங்கும். இந்தக் கடின அமைப்புக்கு மார்ட்டன்சைட் என்று பெயர்.

இரண்டாவது எதிரி ஹைட்ரஜன். ஈரம், எண்ணெய், துரு, ஈரம் ஏறிய வெல்டிங் குச்சி எல்லாவற்றிலும் ஹைட்ரஜன் இருக்கிறது. மழையும் புழுக்கமும் நிறைந்த நம் ஊரில் இதற்குப் பஞ்சமே இல்லை. ஒட்டும்போது அது உருகிய இரும்புக்குள் புகுந்துகொள்ளும். இரும்பு மெதுவாக ஆறினால் ஹைட்ரஜன் வெளியேற நேரம் கிடைக்கும். வேகமாக ஆறினால் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

மூன்றாவது, சுருக்கம். ஒட்டிய இடம் குளிரும்போது சுருங்கப் பார்க்கும். சுற்றியுள்ள இரும்பு விட்டுக்கொடுக்காது. அந்த இழுபறி உள்ளேயே தங்கிவிடும்.

கடினம், ஹைட்ரஜன், இழுவிசை ஆகிய மூன்றும் ஒன்று சேர்ந்தால் விரிசல் வரும். அது உடனே வராது என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. இரும்பு நன்றாகக் குளிர்ந்த பிறகு, சில மணி நேரம் கழித்தோ ஓரிரு நாள் கழித்தோ வரும். சாயங்காலம் பார்த்தால் ஒட்டு பளபளவென்று இருக்கும். மறுநாள் காலையில் உள்ளே கீறல் விட்டிருக்கும். அதனால்தான் சில வகை வலுவான எஃகுகளுக்கு ஒட்டி முடித்து 48 மணி நேரம் கழித்த பிறகே இறுதிச் சோதனை செய்ய வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள்.

முன்சூடு இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் தணிக்கிறது. குளிரும் வேகம் குறைகிறது, ஹைட்ரஜன் வெளியேறுகிறது, சுருக்கத்தின் இழுபறி தளர்கிறது.

எல்லா இரும்புக்கும் வேண்டுமா?

வேண்டாம். வீட்டு கேட்டுக்கும் சன்னல் கம்பிக்கும் முன்சூடு தேவைப்படாது. எஃகில் கார்பனும் மற்ற உலோகங்களும் எவ்வளவு கலந்துள்ளன என்பதைப் பொறுத்துத்தான் தேவை அமையும். இதை அளக்க ‘கார்பன் சமமதிப்பு’ என்ற கணக்கு உண்டு. அனைத்துலக வெல்டிங் கழகத்தின் வாய்பாடு இது:

கார்பன் சமமதிப்பு = கார்பன் + (மாங்கனீசு ÷ 6) + (குரோமியம் + மாலிப்டினம் + வனேடியம்) ÷ 5 + (நிக்கல் + செம்பு) ÷ 15

எல்லாம் விழுக்காட்டில். 0.40-க்குக் கீழே இருந்தால், தடிப்பும் குறைவென்றால், பொதுவாகக் கவலை இல்லை. 0.45-ஐத் தாண்டினால் முன்சூட்டைப் பற்றி யோசித்தே ஆக வேண்டும்.

வகுப்பில் போட்டுப் பார்க்க இரண்டு கணக்குகள்:

1. கட்டுமான எஃகு ஒன்றில் கார்பன் 0.18, மாங்கனீசு 1.20. அப்படியானால் 0.18 + 0.20 = 0.38.
2. இயந்திர அச்சுத்தண்டு ஒன்றில் கார்பன் 0.45, மாங்கனீசு 0.75. அப்படியானால் 0.45 + 0.125 = 0.575.

இரண்டாவது இரும்பைப் பார்த்தவுடன் அனுபவமுள்ள வெல்டர், “இதைக் காய வைக்காம தொடாதே” என்பார். அவர் அனுபவத்தில் சொல்வதைத்தான் நம் மாணவர் பின்னக் கணக்கில் கண்டுபிடிக்கிறார்.

வடிவம் ஏன் குறுக்கே வருகிறது?

ஒரே எஃகு, ஒரே தடிப்பு. ஆனாலும் வடிவம் மாறினால் முன்சூட்டின் தேவையும் மாறும். வெப்பம் ஓடிப்போக எத்தனை வழி இருக்கிறது என்பதே கேள்வி.

25 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரண்டு தகடுகளை முனைக்கு முனை வைத்து ஒட்டினால் வெப்பம் இரண்டு பக்கம் ஓடும். 25 + 25 = 50. அதே தகட்டை இன்னொன்றின் நடுவில் செங்குத்தாக நிறுத்தி ஒட்டினால் வெப்பத்துக்கு மூன்று வழி. 25 + 25 + 25 = 75. இதைக் கூட்டுத் தடிப்பு என்பார்கள். இரண்டாவது ஒட்டு வேகமாகக் குளிரும், ஆகவே கூடுதல் முன்சூடு கேட்கும்.

இனி ஒரு பம்ப் உறையையோ, கிளைக் குழாய்கள் முளைத்த பெரிய குழாயையோ நினைத்துப் பாருங்கள். ஓரிடம் 10 மில்லிமீட்டர், பக்கத்திலேயே 60 மில்லிமீட்டர். டார்ச்சைக் காட்டினால் மெல்லிய இடம் சீக்கிரம் சூடேறும். தடித்த இடம் அசையாது. மெல்லிய இடத்தைத் தொட்டு அளந்துவிட்டு, “200 வந்துருச்சு” என்று ஒட்ட ஆரம்பித்தால் தடித்த பக்கம் இன்னும் 80-இல்தான் நிற்கும். விரிசல் அந்தப் பக்கத்தில்தான் வரும்.

ரொட்டி சானாய்க் கடைக் கல்லைப் பார்த்த மாணவருக்கு இது உடனே புரியும். கல்லின் நடுப்பகுதி பொரியும், ஓரம் மந்தமாக இருக்கும். ரொட்டி போடுகிறவர் அதற்கேற்ப ரொட்டியை நகர்த்திக்கொள்வார். வெல்டரால் பாகத்தை நகர்த்த முடியாது, சூட்டைத்தான் நகர்த்த வேண்டும்.

மெல்பர்னில் நடந்தது

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் யாரா ஆற்றின் மேல் கிங்ஸ் தெரு பாலம் 1961-இல் திறக்கப்பட்டது. 1962 ஜூலை 10, குளிர்காலக் காலை. ஏறக்குறைய 45 டன் எடையுள்ள கனரக லோரி ஒன்று கடந்தபோது பாலத்தின் ஒரு பகுதி கீழே இறங்கிவிட்டது. அந்தப் பகுதியைத் தாங்கிய எஃகு உத்திரங்கள் விரிசல் விட்டிருந்தன. கீழே இருந்த சுவர்கள் தாங்கிக்கொண்டதால் உயிர்ச்சேதம் இல்லை.

பாலத்துக்கு வயது அப்போது 15 மாதம். விசாரணை ஆணையம் அமைத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. உத்திரத்தின் அடித்தகட்டை வலுப்படுத்த அதன்மேல் இன்னொரு தகடு வைத்து ஒட்டியிருந்தார்கள். அந்தக் கூடுதல் தகடு முடிகிற இடத்தில், குறுக்கே போட்ட சிறிய ஒட்டின் விளிம்பில், விரிசல்கள் தொடங்கியிருந்தன. அவற்றில் பல, பாலம் கட்டுவதற்கு முன்பே, உத்திரம் தயாரான தொழிற்சாலையில் உண்டானவை. வலுவான எஃகு, எளிதில் கடினமாகும் வகை, போதாத முன்சூடு, தடிப்பு திடீரென்று மாறும் வடிவம் எல்லாம் ஒரே இடத்தில் கூடிவிட்டன.

மாணவர்களிடம் இந்தச் செய்தியைச் சொல்லும்போது ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள். விரிசல் விட்டது நீளமான பெரிய ஒட்டில் இல்லை. கடைசியில் போட்ட, கைப்பிடி நீளம்கூட பெரிதாக இல்லாத, ‘இது சின்ன வேலைதானே’ என்று தோன்றும் ஒட்டில்.

கருவியை வடிவத்துக்கு ஏற்ப மாற்றும் வழிகள்

1. வாயுத் தீ

சின்னப் பட்டறைகளில் இதுதான் கிடைக்கும். வெட்டும் முனையைக் கழற்றிவிட்டு, பல துளைகள் உள்ள பூப்போன்ற சூடாக்கும் முனையைப் பொருத்துவார்கள். தீ பரவலாக விழும். குழாய்க்கு வளைய வடிவ பர்னர் உண்டு. நீண்ட ஒட்டுக்கு வரிசைத் துளையுள்ள குழாய் பர்னர் உண்டு. பாகத்தின் உருவத்தைப் பின்பற்றி பர்னரை வளைத்துச் செய்வதே இங்கே தகவமைப்பு.

இதில் இரண்டு விதிகளை மறக்கக் கூடாது. தீயைத் தடித்த பகுதியில் தொடங்கி மெல்லிய பகுதிக்குக் கொண்டுவர வேண்டும். முடிந்தால் தீ படாத மறுபக்கத்தில் வெப்பத்தை அளக்க வேண்டும். மறுபக்கம் எட்டவில்லை என்றால் தீயை எடுத்துவிட்டு, ஒவ்வொரு 25 மில்லிமீட்டர் தடிப்புக்கும் 2 நிமிடம் பொறுத்து அளக்க வேண்டும். 50 மில்லிமீட்டர் என்றால் 4 நிமிடம். மேல்தோல் சூடு உள்ளே இறங்கிப் பரவ அந்த நேரம் தேவை.

2. பீங்கான் மணி மின்சூடேற்றி

நிக்கல்-குரோமியம் கம்பியில் பீங்கான் மணிகளைக் கோத்துப் பாய்போலச் செய்திருப்பார்கள். மணி மாலை எப்படி வளையுமோ அப்படி வளையும். குழாயைச் சுற்றிக் கட்டலாம், கிளைக் குழாயின் கழுத்தில் சுற்றக் கயிறு வடிவிலும் கிடைக்கும். மேலே பீங்கான் பஞ்சுப் போர்வை போர்த்தி வெப்பத்தைக் காப்பார்கள்.

பரவலாக உள்ள ஒரு வகை 60 வோல்ட், 45 ஆம்பியர். திறன் = 60 × 45 = 2700 வாட், அதாவது 2.7 கிலோவாட். ஆறு பாய்களை ஒரு மணி நேரம் முழுத் திறனில் ஓட்டினால் 16.2 கிலோவாட்-மணி. மின்சாரம் பாடத்துக்கு நல்ல கணக்கு.

கோணலான பாகத்துக்கு இதன் பலம் தனித்தனிக் கட்டுப்பாடு. தடித்த பகுதிக்கு ஒரு பாய்க்குழு, மெல்லிய பகுதிக்கு இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு வெப்ப இணை, அதாவது தெர்மோகப்பிள். மெல்லிய பகுதி இலக்கைத் தொட்டதும் அதன் மின்சாரம் தானே குறையும். தடித்த பகுதிக்குத் தொடர்ந்து போகும். படுக்கையாக உள்ள பெரிய குழாயில்கூட மேல்பாதி, கீழ்பாதி என்று பிரிப்பார்கள். ஏனென்றால் சூடான காற்று மேலே ஏறி மேல்பாதியைக் கூடுதலாகச் சூடாக்கும். குழாயின் இரண்டு வாயையும் அடைத்துவிட்டால் உள்ளே காற்றோட்டம் நின்று, வெப்பம் வீணாகாது.

ஒரு பாயின் மேல் இன்னொரு பாயை ஏற்றிப் போடக் கூடாது. உள்ளே மாட்டிய கம்பி எரிந்துபோகும். இடம் சின்னதாக இருந்தால் சின்னப் பாயைத்தான் தேட வேண்டும்.

3. தூண்டல் சூடேற்றி

கம்பிச் சுருளைப் பாகத்தின்மேல் சுற்றி அதிவேகமாகத் திசை மாறும் மின்னோட்டம் விட்டால், இரும்புக்குள்ளேயே சுழல் மின்னோட்டம் எழுந்து அதைச் சூடாக்கும். வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பின் அதே தத்துவம். தீ இல்லை, புகை இல்லை.

கோணலான பாகத்தில் இதற்கும் சிக்கல் உண்டு. கூர்மையான மூலைகளும் விளிம்புகளும் சீக்கிரம் சூடேறும். சுருளுக்கும் இரும்புக்கும் இடைவெளி கூடினால் சூடு குறையும். இந்தக் குறையையே கருவியாகத் திருப்பிக்கொள்கிறார்கள். தடித்த இடத்தில் சுற்றுகளை நெருக்கமாகப் போடுவது, மெல்லிய இடத்தில் அகலமாகப் போடுவது, மூலைகளில் காப்புப் பஞ்சை அடுக்கிச் சுருளைத் தள்ளி வைப்பது.

4. செங்கல் கூடும் கரியும்

சிக்கலான வார்ப்பிரும்புப் பாகத்தை ஒரு பக்கமாகச் சூடாக்குவதே ஆபத்து. சூடான பக்கம் விரியும், குளிர்ந்த பக்கம் விரியாது, ஒட்டுவதற்கு முன்பே ‘டக்’ என்று வெடிக்கும். அதனால் பழைய பட்டறைக்காரர்கள் பாகத்தைச் சுற்றிச் செங்கல்லை அடுக்கி, கரி போட்டு, முழுப் பாகத்தையும் மெதுவாகச் சூடாக்குவார்கள். ஒட்டி முடித்ததும் காய்ந்த மணலிலோ சாம்பலிலோ புதைத்து ஆறவிடுவார்கள். அவசரப்பட்டு வெளியே எடுத்துவிட்டால் அதுவரை பட்ட பாடு வீண்.

ஆரம் உடைந்த சக்கரம்: ஒரு சிந்தனைப் புதிர்

வார்ப்பிரும்புச் சக்கரம் ஒன்றில் ஓர் ஆரம் உடைந்துவிட்டது. எங்கே சூடாக்குவீர்கள்? பெரும்பாலோர் உடைந்த ஆரத்தைக் காட்டுவார்கள். சரியான விடை, அந்த ஆரம் சேரும் இடத்தில் சக்கரத்தின் வெளிவட்டம்.

காரணம் இது. ஆரத்தை மட்டும் சூடாக்கி ஒட்டினால் அது குளிரும்போது சுருங்கும். வெளிவட்டம் நகராது. ஆரம் மறுபடியும் பிய்யும். வெளிவட்டத்தையும் சேர்த்துச் சூடாக்கினால் அது விரிந்து, உடைந்த இடைவெளி சற்றே திறக்கும். அப்போது ஒட்டினால் வட்டமும் ஆரமும் சேர்ந்தே சுருங்கும்.

எவ்வளவு விரியும்? இரும்பு ஒரு பாகைக்கு, ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு, ஏறக்குறைய 0.000011 மில்லிமீட்டர் விரியும். 300 மில்லிமீட்டர் நீளத்தை 200 பாகை உயர்த்தினால் 300 × 200 × 0.000011 = 0.66 மில்லிமீட்டர். மிகச் சிறிய அளவுதான். ஆனால் வார்ப்பிரும்பு அதிகம் இழுபடாது.

திருச்சியில்

தமிழ்நாட்டில் இந்தத் தொழில்நுட்பத்தின் பெரிய கூடம் திருச்சி திருவெறும்பூரில் இருக்கிறது. 1965-இல் தொடங்கிய பெல் நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் ஆலை அது. 1975-இல் அங்கேயே வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனமும் அமைந்தது.

மின்நிலையக் கொதிகலனில் ‘ஹெடர்’ என்றொரு பாகம் உண்டு. தடித்த பெரிய குழாய். அதன் உடம்பில் சீப்புப் பற்கள்போல வரிசை வரிசையாகச் சிறு குழாய்கள் ஒட்டப்பட்டிருக்கும். தாய்க்குழாய் தடிப்பு, பிள்ளைக்குழாய் மெல்லியது. பிள்ளைக்குழாய்களுக்கு நடுவே டார்ச் நுழையவும் இடம் பத்தாது. மின்நிலையங்களில் பரவலாகப் பயன்படும் பி91 எஃகில் 9 விழுக்காடு குரோமியமும் 1 விழுக்காடு மாலிப்டினமும் உண்டு. ஏறக்குறைய 200 பாகை முன்சூடு இல்லாமல் அதைத் தொட முடியாது. ஒட்டிய பிறகும் ஏறக்குறைய 750 பாகையில் மறுபடி பதப்படுத்த வேண்டும்.

இந்த வடிவத்துக்கு வழி, பிள்ளைக்குழாயைச் சூடாக்காமல் தாய்க்குழாயைச் சூடாக்குவது. பிள்ளைக்குழாய்கள் இல்லாத அடிப்பக்கத்தில் பாய்களைக் கட்டி, வெப்பத்தை உள்ளிருந்து மேலே ஏறவிட வேண்டும். தடித்த இரும்பு சூடானால் மெல்லியது அதைப் பின்பற்றும், தலைகீழாக ஒருபோதும் நடக்காது. ஒட்டிக்கொண்டிருக்கும் நேரம் முழுக்கச் சூடு இறங்காமலும், அளவுக்கு மீறி ஏறாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். பீடிங் போட்டு முடித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய் வந்தால், மறுபடி அளந்த பிறகே அடுத்ததைத் தொடலாம்.

பாயான் லெப்பாசிலும் இதே கதை

பினாங்குத் தீவில் 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியது. அங்கே மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் அம்மாமார் நம் மாணவர்களுக்கும் உண்டு. அவர்களிடம் ‘ரிஃப்ளோ ஓவன்’ என்றால் தெரியும்.

அங்கே செய்வது வெல்டிங் இல்லை, சோல்டரிங். பலகையின் உலோகம் உருகாது, இடையிலுள்ள ஈயமற்ற பற்றாசு மட்டும் உருகும். வெள்ளீயம், வெள்ளி, செம்பு கலந்த அது ஏறக்குறைய 217 பாகையில் உருகத் தொடங்கும். ஆனால் சிக்கல் அதேதான். ஒரே பலகையில் அரிசி மணியைவிடச் சின்னப் பாகமும் இருக்கும், கட்டைவிரல் அளவு உலோகப் பாகமும் இருக்கும். நேராக 240 பாகைக்குக் கொண்டுபோனால் சின்னது கெடும், பெரியது ஒட்டாது.

அதனால் பலகை நகரும் பாதையில் பல வெப்ப மண்டலங்களை வைத்து, மேலும் கீழும் தனித்தனியாகச் சூட்டைக் கட்டுப்படுத்துகிறார்கள். நொடிக்கு 3 பாகைக்கு மேல் ஏறாமல் மெதுவாகச் சூடாக்கி, 150 முதல் 200 பாகைக்குள் சற்று நேரம் நிறுத்தி, எல்லாப் பாகங்களும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகே உச்சத்துக்கு ஏற்றுகிறார்கள். பிறையில் அப்பா செய்வதும் பாயான் லெப்பாசில் அம்மா செய்வதும் ஒரே பாடத்தின் இரண்டு பக்கம்.

வகுப்பறை நடவடிக்கை: உரலும் டம்ளரும்

தேவையானவை: ஒரு கிலோ எடையுள்ள இரும்பு இடி உரல், மெல்லிய எவர்சில்வர் டம்ளர், வெப்பமானி, அளவுக் குவளை, 60 பாகைச் சுடுநீர். சுடுநீரை ஆசிரியர் மட்டுமே ஊற்ற வேண்டும்.

1. டம்ளரில் 50 மில்லிலிட்டர் சுடுநீர் ஊற்றி ஒரு நிமிடம் கழித்து அளக்கவும்.
2. உரலில் அதே அளவு ஊற்றி அதேபோல் அளக்கவும்.
3. உரலில் இன்னும் சூடான நீரை நிரப்பிச் சில நிமிடம் வைத்துக் கொட்டிவிடவும். இது முன்சூடு. துடைத்துவிட்டு, மறுபடி 50 மில்லிலிட்டர் 60 பாகை நீர் ஊற்றி அளக்கவும்.

அறை வெப்பநிலை 30 பாகை என்று வைத்தால், கணக்குப்படி டம்ளர் நீர் 57 பாகை அளவில் நிற்கும். குளிர்ந்த உரலில் அது 40 பாகைக்குப் பக்கம் சரியும். உரலை 45 பாகைக்கு முன்சூடாக்கியிருந்தால் 50 பாகையில் நிற்கும். காற்றில் போகும் வெப்பத்தால் உங்கள் எண்கள் சற்று மாறலாம், வரிசை மாறாது.

கேட்க வேண்டிய கேள்விகள்: சுடுநீர் எதைக் குறிக்கிறது? உரல் எதைக் குறிக்கிறது? நீரை அதிகமாக ஊற்றினால் என்ன ஆகும்? உரலின் வாயைத் துணியால் மூடினால் அது எந்தக் கருவிக்குச் சமம்?

பாதுகாப்பு

மாணவர்களிடம் கட்டாயம் சொல்ல வேண்டியவை. கரியை மூடிய அறையில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும், வாசனைகூட வராது. 200 பாகை இரும்பு சிவக்காது, சாதாரண இரும்புபோலவே இருக்கும், தொட்டால் தோல் உரிந்துவிடும். துத்தநாகம் பூசிய இரும்பைச் சூடாக்கினால் வரும் புகை காய்ச்சலைக் கொடுக்கும். வீட்டில் யாரும் முயன்று பார்க்கக் கூடாது.

பயன்படுத்தத் தக்க சொற்கள்

- வெல்டிங் – பற்றவைப்பு
- பிரீஹீட்டிங் – முன்சூடாக்கல்
- தெர்மோகப்பிள் – வெப்ப இணை
- இண்டக்‌ஷன் – தூண்டல்
- இன்சுலேஷன் – வெப்பக் காப்பு
- கிராக் – விரிசல்
- காஸ்ட் அயர்ன் – வார்ப்பிரும்பு

மாணவர் பட்டறைச் சொல்லில் பதில் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். அதன் பக்கத்தில் தமிழ்ச் சொல்லை எழுதிக் காட்டினால் போதும்.

கடைசியாக ஒன்று

“படிப்பு வரலைன்னா வெல்டிங்குக்குப் போ” என்கிற பேச்சு நம் ஆசிரியர் அறைகளிலும் கேட்கும். மேலே உள்ள கணக்குகளை ஒருமுறை பாருங்கள். விழுக்காடு, பின்னம், விரிவு, மின்திறன், வெப்பப் பரவல் எல்லாம் அந்த ஒரு வேலைக்குள் இருக்கின்றன. ‘சூடாக்கு’ என்று மட்டும் கற்றுக்கொண்டவர் நேரான தகட்டில் சமாளித்துவிடுவார். பாகம் கோணலாக வந்து நின்றால், ஏன் சூடாக்குகிறோம் என்று தெரிந்தவர்தான் கருவியை மாற்றி அமைப்பார். நேரம் பத்தாதபோது பட்டறையில் முதலில் கைவிடப்படுவதும் முன்சூடுதான். அப்போது “இல்ல பாஸ், இது காயாம ஒட்டக் கூடாது” என்று காரணத்தோடு சொல்ல முடிகிறவர்தான் விபத்தைத் தடுப்பார்.

நிபோங் திபாலில் உள்ள தொழிற்பயிற்சிக் கழகம் ஆறுமுகம் பிள்ளை என்ற தமிழரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தொழிற்கல்வி நமக்கு அந்நியமில்லை. அங்கே போகும் பிள்ளை தோற்றுப் போய்ப் போகிறான் என்று நினைக்காமல், வெப்பம் பாடத்தை நன்றாகக் கற்றுப் போகிறான் என்று சொல்லும்படி அனுப்பிவைப்பது நம் கையில் இருக்கிறது.

அடுத்த வெப்பம் பாடத்தில் மாணவர்களிடம் ஒரு வீட்டுவேலை கொடுங்கள்: “வீட்டில் வெல்டிங் தெரிந்தவர் யாராவது இருந்தால், எந்த இரும்பை முன்சூடாக்குவார், எப்படி அளப்பார் என்று கேட்டு எழுதி வாருங்கள்.” வரும் பதில்களிலிருந்தே அதற்கடுத்த பாடத்தைத் தொடங்கலாம்.